ஒரு கிலோ

சொங்குல்டாக்கில் வீடுகள் படிகளின் முடிவில்தான் இருக்கின்றன.
சத்தல்மிஷின் வீட்டுக்கு எழுபத்தாறு படி.
எண்ணியது அவர் இல்லை, அவர் கழுத்து.
படிக்கொரு முறை
காதுக்குப் பின்னிருந்து காறையெலும்பு வரை
இரண்டு கயிறுகள் விறைத்து எழும்,
நெஞ்சுக்கூட்டை வாளிபோல் மேலே இழுக்கும்.
கழுத்தின் வேலை அல்ல அது.
கீழே ஒருவன் ஓய்ந்துவிட்டதால்
மேலே இருப்பவன் இறைக்கிறான்.

செவ்வாய்க்கிழமை. மருத்துவமனையின் இரண்டாம் தளம்.
இயன்மருத்துவர் ஃபெரிஹான்
மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினாள்:
நுரையீரலுக்குத் தரை,
வயிற்றுக்குக் கூரை,
இரண்டும் ஒரே தசை. உதரவிதானம்.
குடைபோல் குவிந்து நிற்க வேண்டியது,
வெளியேறாமல் சிக்கிய காற்று அமுக்கி அமுக்கித்
தட்டையாகிக் கிடக்கிறது.
தட்டையானது இனி எங்கே இறங்கும்?
இறங்காவிட்டால் காற்று எப்படி வரும்?

சத்தல்மிஷ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கூரை இறங்கிவிட்டது என்கிறாய்."
இருபத்தேழு வருடம்
கடலுக்கடியில் போகும் சுரங்கத்தில்
மரமுட்டுக் கொடுத்தவர்.
கூரை இறங்கப்போவது சத்தத்திலேயே தெரியும் அவருக்கு.
"முட்டுக் கொடுக்கலாமா?"

அவள் பொய் சொல்லவில்லை.
படிந்த தூசி படிந்ததுதான்.
எந்தப் பயிற்சியும் அதைப் பெருக்கித் தள்ளாது.
தசைக்கு மட்டும் கற்றுக்கொடுக்கலாம்.

மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்குங்கள்.
ஒரு கை நெஞ்சில். அது சும்மா இருக்கட்டும்.
ஒரு கை வயிற்றில். அது ஏறட்டும்.
மூக்கால் இழுங்கள்;
தேநீரை ஆற்றுவதுபோல் உதடு குவித்து
இழுத்ததைவிட இரு மடங்கு நேரம் விடுங்கள்.
அப்புறம் இந்தக் குழல்.
உள்ளே சுருள்வில் வைத்த கதவு,
லேசாக உறிஞ்சினால் திறக்காது.
காலையில் முப்பது, மாலையில் முப்பது.
இரவு, வயிற்றின் மேல் ஒரு கிலோ எடை. எதுவானாலும் சரி.

எதுவானாலும் என்றால், வீட்டில் மைசூர்ப்பருப்பு இருந்தது.
முதல் வாரம் பை அசையவில்லை.
நெஞ்சுதான் ஏறியது, திருடன்போல, முந்திக்கொண்டு.
இரண்டாம் வாரம் தலை சுற்றியது,
விலா இடுக்குகளில் கல்லுடைத்த வலி.
"வேலை செய்தால் வலிக்கும்" என்றாள் ஃபெரிஹான்,
சுரங்கக்காரனிடம்.
மூன்றாம் வாரம் மைத்துனர் குடும்பத்தோடு வந்தார்.
"உங்கள் பயிற்சியை
ஏழு பேர் சூப்பாகக் குடித்துவிட்டுப் போனார்கள்"
என்றாள் நெஸாகெத், பானையைக் கழுவிக்கொண்டே.

அன்றிரவு கொட்டகைக்குப் போனார்.
தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் கை;
ஒரு நிலக்கரிக் கட்டியை எடுத்தார்,
செய்தித்தாளில் சுற்றினார், அதன் மேல் ஒரு துண்டு.
படுத்தார்.
கரி ஏறியது.
கரி இறங்கியது.
"போர்வையில் ஒட்டும்" என்றாள் அவள்.
பதிலில்லை. எண்ணிக்கொண்டிருந்தார்.

எட்டாம் வாரம் திரையில்
சாம்பல் நிறக் கோடொன்று
மூச்சுக்கு மூச்சு தடித்து மெலிந்தது.
"கால் மில்லிமீட்டர் கூடியிருக்கிறது."
"எட்டு வாரத்துக்குக் கால் மில்லிமீட்டர்!
எங்கள் மேஸ்திரி கூலியே தரமாட்டான்."
சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார்.
"அதுவும் இதன் வேலைதான்" என்றாள்
கோட்டைக் காட்டி. கோடு குதித்துக்கொண்டிருந்தது.

படிகள் குறையவில்லை.
நான்கு இடத்தில் நின்றவர் இப்போது
மளிகைக்கடை வாசலில் மட்டும் நிற்கிறார்.
ஐம்பதுக்கு மேல் கழுத்துக் கயிறுகள் வந்து சேர்ந்துகொள்கின்றன,
ஷிஃப்டுக்குத் தாமதமாக வரும் பழைய கூட்டாளிகள்.

கதவைத் திறந்தார். அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.
இவ்வளவு நாளும் அவர் பேச்சு
மூன்று துண்டாகத்தான் வந்து விழும்,
நடுநடுவே அவள் காத்திருப்பாள்.
"கடல் பக்கம் கறுத்துக்கிட்டு வருது,
மாடியில காயப்போட்ட துணியை எடுத்துட்டியா நெஸாகெத்?"
ஒரே மூச்சில்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே நின்றாள்.
துணி நனைந்துவிட்டது.